ஒரு கழித்தல் கணக்கில் சென்னை

இரத்தினபுரியில் பஸ் ஏறி, குருவிற்ற, எஹலியகொட, அவிசாவளை, ஹங்வெல்ல என்று போய்க் கொழும்பில் இறங்க ஏறத்தாழ 100 கி.மீ. சாதாரண பஸ் என்றால் மூன்று மணி நேரம். மழை பிடித்துக்கொண்டால் அதற்கும் மேலே. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 645 கி.மீ. அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். தூரம் ஆறரை மடங்கு, நேரமோ பாதி!

"பிளேன் வேகமாகப் போகும், அவ்வளவுதானே!" என்பீர்கள். சரிதான், ஆனால் அது கால்வாசிப் பதில். மலையைச் சுற்றும் ரோட்டு, மேலே அடிக்கும் காற்று, சூரியன், சுழலும் பூமி எல்லாமே இந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. பாடசாலை அட்லஸ் ஒன்றும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. செய்து பார்த்துக்கொண்டே போவோம்.

முதலில் ரோட்டு. வரைபடத்தில் இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் அடிமட்டம் வைத்து நேர்கோடு போட்டால் 67 கி.மீ.தான் வரும். ரோட்டிலே அது 100 ஆவது ஏன்? இடையில் மலையும் ஆறும் இருக்கின்றன. ரோட்டு அவற்றோடு மல்லுக்கு நிற்காமல் பள்ளத்தாக்கைப் பிடித்து வடமேற்கே அவிசாவளை வரை போய், அதற்குப் பிறகுதான் கொழும்புப் பக்கம் திரும்புகிறது. தோட்டத்துக்குள்ளே இது இன்னும் நன்றாகத் தெரியும். எதிர் மலையில் இருக்கும் கோயில் கண்ணுக்கு நேரே அரைக் கட்டைதான்; ரோட்டில் போனால் இரண்டு கட்டை. கொழுந்து லொறி ஏற வேண்டுமென்றால் சரிவு குறைவாக இருக்க வேண்டும், சரிவைக் குறைக்க வேண்டுமென்றால் ரோட்டை வளைத்து வளைத்து வெட்ட வேண்டும். லொறிக்கு அந்த வளைவு தேவை. நடக்கிறவர்களுக்குத் தேவையில்லை, அதனால் அவர்கள் குறுக்கிலே இறங்கிப் போய்விடுகிறார்கள்.

விமானம் போவதும் குறுக்குத்தான். அதன் தூரத்தை எப்படி அளப்பது? கடலுக்கு மேலே கட்டைக்கல் கிடையாதே! இங்கேதான் அட்லஸ் வேண்டும்.

பூமியின் மேல் கிழக்கு மேற்காக வரைந்த கற்பனைக் கோடுகள் அகலக்கோடுகள், வடக்கு தெற்காக வரைந்தவை நெடுங்கோடுகள். இவற்றைப் பாகையில் எண்ணுகிறோம். ஒரு மணியில் 60 நிமிடம் இருப்பதுபோல ஒரு பாகையில் 60 கலை. கட்டுநாயக்க விமான நிலையம் வடக்கு 7 பாகை 11 கலையில் இருக்கிறது; அதன் நெடுங்கோடு கிழக்கு 79 பாகை 53 கலை. சென்னை விமான நிலையம் வடக்கு 12 பாகை 59 கலை, கிழக்கு 80 பாகை 10 கலை. நெடுங்கோடுகளைப் பாருங்கள். 79 பாகை 53 கலையும் 80 பாகை 10 கலையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம்! அதாவது, சென்னை கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. அதனால் அகலக்கோடுகளை மட்டும் கழித்தால் போதும்.

12 பாகை 59 கலையிலிருந்து 7 பாகை 11 கலையைக் கழித்தால் 5 பாகை 48 கலை. அதைக் கலையாக மாற்றினால் 5 தடவை 60, முந்நூறு, அதோடு 48. ஆக 348 கலை. பூமியின் மேல் வடக்கு தெற்காக ஒரு கலை தூரம் என்பது ஒரு கடல் மைல். மாலுமிகளும் விமானிகளும் இன்றைக்கும் தூரத்தைக் கடல் மைலில்தான் சொல்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அப்படியானால் 348 ஐ 1.852 ஆல் பெருக்குங்கள். 644.5 கி.மீ. வருகிறதா? சென்னை ஒரு சொட்டுக் கிழக்கே தள்ளியிருப்பதால் இன்னும் ஒரு கி.மீ.க்கும் குறைவாகச் சேரும். 645! ஒரு கழித்தல், இரண்டு பெருக்கலில் கடலைத் தாண்டியாகிவிட்டது.

அட்லஸில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து வடக்கே நகர்த்துங்கள். புத்தளத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, மன்னார் மாவட்டத்தின் மேலாகப் போய்ப் பாக்கு நீரிணையைத் தாண்டுகிறது. பிறகு கோடியக்கரை, நாகப்பட்டினம், கடலூர், புதுச்சேரி என்று தமிழ்நாட்டுக் கரையை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு கடலோரமாகவே ஏறி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைத் தொடுகிறது.

விமானம் நூல் பிடித்தமாதிரி இந்தக் கோட்டிலேயே போகாது. ஆகாயத்திலும் பாதைகள் குறித்து வைத்திருக்கிறார்கள், தரையிலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் வழி சொல்கிறார்கள். ஆனாலும் விலகல் அதிகமில்லை. ரோட்டு 67 ஐ 100 ஆக்கியதே, அந்தமாதிரி நீட்டிவிடாது.

இனி வேகம். சென்னைக்குப் பறக்கும் நடுத்தர ஜெட் விமானங்கள் உயரத்துக்குப் போன பிறகு மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கின்றன. 645 ஐ 830 ஆல் வகுத்தால் 47 நிமிடம். டிக்கட்டில் பார்த்தால் ஒரு மணி இருபதிலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருக்கும். மீதி நாற்பது நிமிடம் எங்கே போனது?

முனையத்தை விட்டு விமானம் அசையத் தொடங்கியதிலிருந்தே டிக்கட் நேரம் ஓடத் தொடங்கிவிடும். அது ஓடுபாதையின் கோடி வரைக்கும் மெதுவாக ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானம் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும். கட்டுநாயக்க ஓடுபாதை மூன்று கி.மீ.க்கும் மேல் நீளமானது. தென்மேற்கு, வடகிழக்காகப் போட்டிருக்கிறார்கள். இந்தத் திசை உங்களுக்குப் பழக்கமானது. நமக்கு மழை கொண்டுவரும் இரண்டு பருவக் காற்றுகளும் அந்தத் திசைகளில்தான் வருகின்றன. விமானம் காற்றை எதிர்த்து ஓடித்தான் எழும்ப விரும்பும். இறக்கையின் மேலும் கீழும் எவ்வளவு வேகமாகக் காற்று போகிறதோ அவ்வளவு தூக்கும் விசை கிடைக்கும். எதிர்க்காற்று இருந்தால் அந்த வேகத்தில் ஒரு பங்கு சும்மாவே கிடைக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சென்னைக்குப் போகும் விமானமும் முதலில் தென்மேற்கே கடல் பக்கமாக எழும்பி, பிறகு வளைந்து வடக்கே திரும்புவது அதனால்தான். அந்த வளைவுக்கும் சில நிமிடம் வேண்டும்.

மணிக்குச் சுமார் 250 கி.மீ. வேகம் வந்ததும் மூக்கு மேலே தூக்கும், சக்கரம் தரையை விடும். அதற்காக உடனே 830 க்குப் போக முடியாது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேகமானி மணிக்கு 250 கடல் மைலைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளிலும் உள்ள விதி. கீழே பறவைகள் உண்டு, சிறிய விமானங்கள் உண்டு, காற்றும் அடர்த்தி. மேலே ஏற ஏறத்தான் வேகம் கூடும். இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். சென்னைப் பயணத்தில் ஏறி முடிக்க இருபது நிமிடமளவும் இறங்க அதே அளவும் ஆகிவிடும். முழு வேகத்தில் பறப்பது இடையில் கொஞ்ச நேரம்தான். சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து முடிப்பதற்குள் திருப்பி வாங்க வருகிறார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் ஏன் அவ்வளவு உயரம் ஏற வேண்டும்? தூரப் பயணங்களில் விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கும். நம்முடைய சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். அதை ஐந்து தடவை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால்தான் அந்த உயரம் வரும்! அங்கே காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தடுப்பதற்குக் காற்று குறைவாக இருப்பதால் அதே எரிபொருளில் வேகமாகவும் தூரமாகவும் போகலாம். குளிரோ உறைநிலைக்குக் கீழே 40 பாகைக்கும் அப்பால்.

ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் குறுகிய பயணத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கிட்டத்து ஊருக்குப் போகும்போது சராசரி வேகம் அடிபட்டுப் போகிறது. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 420 கி.மீ., ஏறத்தாழ ஒரு மணி நேரம். சராசரி மணிக்கு 420. சென்னைக்கு 85 நிமிடம் என்று எடுத்தால் சராசரி 455. குவைத் 4,140 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, அந்தக் கணக்கைப் போட்டால் சராசரி 770 க்கும் மேலே வரும். அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

அதற்கு முன் ஒரு பழைய விமானத்தைப் பார்க்க வேண்டும். 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அது இரண்டு விசிறிகள் கொண்ட டகோட்டா, பெயர் 'சீதாதேவி'. அந்த வகை விமானத்தின் வேகம் மணிக்கு 300 கி.மீ. அளவு. இடையில் நிற்காமல் போனாலே இரண்டு மணிக்கு மேல் ஆகும். இன்றைய ஜெட் இரண்டரை மடங்குக்கும் மேல் வேகம், ஆனால் பயண நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும் அப்படியே இருக்கின்றன அல்லவா?

டகோட்டா வந்த காலத்திலும் தோட்டத்து ஆட்கள் அதில் ஏறவில்லை. அவர்களுடைய வழி தனுஷ்கோடி. 1914 இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு 35 கி.மீ.; தலைமன்னாரில் மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை இதுதான் பெரிய பாதை. அதற்கும் முந்திய தலைமுறைகள் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து கரை வரைக்கும் நடந்து, பாய்மரத் தோணியில் கடலைத் தாண்டி, இங்கே கரையிறங்கி மறுபடியும் மலைநாடு வரை காட்டு வழியாகக் கால்நடையாகவே வந்தார்கள். அந்த நடையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். திருச்சியிலிருந்து 420 கி.மீ. என்று அட்லஸ் சொல்லும்போது அந்த 420 ஐ நடந்தவர்கள் உங்கள் பூட்டனும் பூட்டியும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி குவைத். நம் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளின் அம்மா குவைத்திலோ சவூதியிலோ கட்டாரிலோ வேலை செய்கிறார்கள். அவர்கள் போகும்போதும் வரும்போதும் டிக்கட்டைப் பார்த்திருந்தால் ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும். கணக்குக்காக ஒரு உதாரணம் எடுப்போம். கட்டுநாயக்கவில் மாலை 6 மணிக்குப் புறப்பாடு, குவைத்தில் இரவு 9.10 க்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. 3 மணி 10 நிமிடம். திரும்பும்போது குவைத்தில் இரவு 10 மணிக்குப் புறப்பாடு, இங்கே அதிகாலை 5.30 க்கு வரும் என்றிருக்கிறது. ஏழரை மணி நேரம்! ஒரே வழி, ஒரே விமானம். போக மூன்று மணி, வர ஏழரை மணியா?

இரண்டு நேரமும் இரண்டு ஊர் மணிக்கூட்டில் பார்த்தது என்பதுதான் இதற்குப் பதில். பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. 24 ஆல் வகுத்தால் மணிக்கு 15 பாகை. நம்முடைய மணிக்கூடு கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. அந்தக் கோடு இலங்கையைத் தொடவே இல்லை. நம் கிழக்குக் கரைக்கும் அப்பால் கடலில் போகிறது. இந்தியாவின் நேரமும் அதே கோட்டின் நேரம்தான். குவைத்தின் மணிக்கூடு 45 பாகைக் கோட்டின் நேரம். வித்தியாசம் 37½ பாகை. 15 ஆல் வகுத்தால் இரண்டரை மணி. இங்கே காலை ஏழரைக்கு நீங்கள் பாடசாலைக்குள் நுழையும்போது அங்கே விடியற்காலை ஐந்து மணி.

இப்போது டிக்கட்டைத் திருத்துங்கள். போகும்போது 3.10 உடன் 2.30 ஐக் கூட்டினால் உண்மையான நேரம் 5 மணி 40 நிமிடம். வரும்போது 7.30 இல் 2.30 ஐக் கழித்தால் 5 மணி. நேர வித்தியாசம் தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. 3.10 ஐயும் 7.30 ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 5 மணி 20 நிமிடம். போகும்போது குறைந்த இரண்டரையும் வரும்போது கூடிய இரண்டரையும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் சராசரிப் பயண நேரம் மிஞ்சுகிறது. 4,140 ஐ அதால் வகுத்தால்தான் முன்பு சொன்ன 770 க்கு மேற்பட்ட வேகம். எந்த இரண்டு ஊருக்கும் இந்தக் கணக்குச் சரிவரும்.

மணிக்கூடு மனிதன் வைத்ததுதான். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை மின்சாரத்தை மிச்சப்படுத்த மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்திருந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் சென்னை டிக்கட்டில் போகும்போது அரை மணி குறைந்தும் வரும்போது அரை மணி கூடியும் இருந்திருக்கும். சென்னை ஒரு அடிகூட நகரவில்லை.

மணிக்கூட்டைத் திருத்திய பிறகும் போக 5.40, வர 5.00 என்று நாற்பது நிமிட வித்தியாசம் நிற்கிறதே? இதைக் கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "பூமி சுழல்றதாலதான், சேர்." கெட்டிக்காரத்தனமான பதில், ஆனால் பிழை. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. நடுக்கோட்டில் அந்த வேகம் மணிக்கு 1,670 கி.மீ. பூமி மட்டும் சுழன்று காற்று நின்றிருந்தால் விமானம் ஆகாயத்தில் சும்மா மிதந்தாலே போதும், இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேலான நேரத்தில் குவைத்தின் நெடுங்கோடு அதன் அடிக்கு வந்துவிடும்! ஓடுகிற பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஒரு கொய்யாக்காயை மேலே எறிந்து பாருங்கள். அது பின் சீட்டுக்குப் பறந்து போகாது, உங்கள் கைக்கே வரும். பஸ்ஸின் வேகம் கொய்யாக்காய்க்கும் உண்டு. அப்படியே பூமியின் சுழற்சி அதன் மேலிருக்கும் காற்றுக்கும், காற்றில் மிதக்கும் விமானத்துக்கும் உண்டு. நாற்பது நிமிடத்தைத் தின்றது வேறு ஆள்: காற்று.

விமானத்தின் வேகம் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அது போகும் வேகம். காற்றே நகர்ந்தால் கணக்கு மாறும். விமானம் மணிக்கு 860, காற்று மேற்கிலிருந்து 60 என்று வையுங்கள். குவைத் வடமேற்கே இருப்பதால் போகும்போது எதிர்க்காற்று: 860 இல் 60 போக 800. 4,140 கி.மீ. போக 5 மணி 10 நிமிடம். வரும்போது பின்காற்று: 920. நாலரை மணி. ஏறி இறங்கி ஊர்வதற்கு இரண்டு பக்கமும் அரை மணி சேர்த்தால் 5.40, 5.00.

ஆசியாவில் இந்தக் காற்று மிகப் பலமாக அடிப்பது ஜப்பானுக்கு மேலே. குளிர்காலத்தில் அங்கே பத்துக் கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் காற்று ஓடும். வாசபுரோ ஓஇஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1920களில் பலூன்களை விட்டு அதை அளந்தார். தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலர். கொழும்பிலிருந்து தோக்கியோ ஏறத்தாழ 6,900 கி.மீ.; குளிர்காலத்தில் அங்கிருந்து திரும்பும் பயணம் போன பயணத்தைவிட ஒரு மணி நேரமளவு கூடுவதுண்டு.

நம் ஊர்க் காற்றில் இதைவிட அதிசயம் ஒன்று இருக்கிறது. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து மழையை அள்ளிக்கொண்டு வந்து சபரகமுவ மலைகளில் கொட்டுகிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்வது இதனால்தான். ரப்பர் மரத்தில் சிரட்டை நிறைய மழைத்தண்ணீர் நிற்க, பால் வெட்ட முடியாமல் போகும் நாட்கள் அவை. அதே நாட்களில், அதே தோட்டத்துக்கு நேர் மேலே, மேகங்களுக்கும் அப்பால், காற்று நேர் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது! கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் அந்த வேகக் காற்றை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி. அதன் நடுப்பகுதி 14, 15 கி.மீ. உயரத்தில், விமானப் பாதைகளுக்கும் மேலே இருக்கிறது. ஆனாலும் விமானம் பறக்கும் உயரத்திலும் அந்த மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்குக் காற்றுதான். அப்போது மேற்கே போகும் விமானத்துக்கு வழியின் முதல் பாதியிலாவது காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆகவே, குவைத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒருவர் கேட்டால் எந்த மாதம் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

உங்கள் தலைக்கு மேலே போகும் விமானங்களையும் விட்டுவிட வேண்டாம். பூகோள உருண்டையில் கட்டுநாயக்கவுக்கும் சிங்கப்பூருக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் அது கேகாலை மாவட்டத்தைக் கடந்து, யட்டியாந்தோட்டை, புலத்கொஹுபிட்டியப் பக்கமாகப் போகிறது. இந்தப் பக்கம் வரும் விமானம் ஐந்து கி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதன் சத்தம் கீழே வர 15 விநாடி ஆகும். அந்த 15 விநாடியில் விமானம் இரண்டரை கி.மீ.க்கு மேல் போய்விடும். அதனால் சத்தம் வரும் இடத்தில் தேடினால் விமானம் இருக்காது. அது போகும் திசையில் முன்னாலே தேட வேண்டும். லயத்து வாசலில் நின்று ஒரு தடவை செய்து பாருங்கள்.

கடைசியாக, நான் முக்கியமாக நினைக்கும் கணக்கு. பயண நேரம் என்றால் எல்லோரும் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதை வரை எண்ணுகிறார்கள். லயத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் ஓட்டோவில் டவுனுக்கு 1 மணி. பஸ்ஸில் கொழும்புக்கு இரண்டரை மணி. அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு 1 மணி. விமான நிலையத்தில் சோதனை, காத்திருப்பு 3 மணி. பறக்க ஒன்றரை. சென்னையில் கடவுச்சீட்டு வரிசை, பெட்டி எடுப்பது 1 மணி. மொத்தம் 10 மணி நேரம். இதில் பறப்பது ஒன்றரை மணிதான். நாளைக்கே இரட்டை வேக விமானம் வந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு மிச்சமாவது அரை மணிக்கும் குறைவு. தோட்டத்து ரோட்டைச் சீராகப் போட்டுக் கொடுத்தாலே அதைவிடக் கூட மிச்சமாகும். அந்த ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆளுக்கும் பாடசாலைக்கு நடக்கும் உங்களுக்கும் அந்த நேரம் தினமும் மிச்சமாகும். பெரியவர்கள் இந்தக் கூட்டல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் கணக்கு வைத்திருக்கிறேன். இரத்தினபுரி நகரம் வடக்கு 6 பாகை 41 கலை, கிழக்கு 80 பாகை 24 கலை. கேகாலை நகரம் வடக்கு 7 பாகை 15 கலை, கிழக்கு 80 பாகை 21 கலை. இரண்டுமே சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருப்பதால் கழித்தால் போதும். இரத்தினபுரிக்கு 700 கி.மீ. வர வேண்டும், கேகாலையை நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் தோட்டம். வீட்டிலுள்ள போனில் வரைபடத்தைத் திறந்து, உங்கள் லயத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண்தான் அகலக்கோடு. அதில் புள்ளிக்குப் பின்னால் வருவதைப் புள்ளியோடு சேர்த்து எடுத்து 60 ஆல் பெருக்கினால் கலை கிடைக்கும். விடையைக் கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருந்தால், அடுத்த தடவை கதைக்கும்போது அங்கே மணி எத்தனை என்று கேட்காமல் நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.